ஆறடி இடைவெளியில் தாய்மாமன் சீர்

திண்டிவனத்தில் கொரோனாவே சக்கரபாணிக்குப் பயந்துதான் நடமாடுகிறது என்று அவருடைய ஆட்கள் பேஸ்புக்கில் எழுதினார்கள். எழுதியவர்களில் சவுரிராயனும் ஒருவன்.

சக்கரபாணி கட்சியின் நகரச் செயலாளர். இரண்டாம் அலையில் கட்சி ஒரு தடுப்புக் குழு அமைத்தபோது அதற்கும் அவரே தலைவர். காலை பத்து மணிக்கு மேல் திறந்திருக்கும் கடையைப் பார்த்தால் தானே போய் ஷட்டரை இழுத்துச் சாத்துவார். போட்டோ சரியாக விழவில்லையென்றால் மறுபடி திறந்து மறுபடி சாத்துவார். காய்ச்சல் கண்ட வீட்டைத் தகரம் வைத்து அடைக்க வேண்டும் என்று நகராட்சியை நச்சரித்து, காலனியில் நாலு வீட்டை அடைத்தும் காட்டினார். சவுரிராயன் அவருக்குப் பின்னால் நெற்றியில் காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு நடப்பான். பன்னிரண்டு வருடக் கட்சி வாழ்க்கையில் அவன் கையில் கொடுக்கப்பட்ட முதல் பொறுப்பு அது.

அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தன் காலனி இருக்கிற வார்டில் கவுன்சிலராக நிற்க வேண்டும். "வார்டு உனக்குத்தான்டா" என்று சக்கரபாணி வாயால் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான், காலனிக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தவர்களை அவர் எழுப்பி விரட்டியபோது சவுரிராயன் வாயைத் திறக்கவில்லை. கல்யாணம் அவன் மனைவி இசைவாணியின் சித்தி மகளுக்கு. இலையில் சோறு விழுந்திருந்தது, குழம்பு இன்னும் விழவில்லை. மாப்பிள்ளையின் நெற்றிக்கு நேரே துப்பாக்கியை நீட்டியவன் சவுரிராயன். அன்றிலிருந்து காலனியில் அவன் வந்தால் பேச்சு நின்றுவிடும். தாண்டிப் போன பிறகு சிரிப்பு கேட்கும்.

அதே மாதம் சக்கரபாணியின் மகள் வயிற்றுப் பேரனுக்குக் காது குத்து. திண்டிவனத்தில் வைத்தால் கண்ணில் படும் என்று, விழுப்புரத்தைத் தாண்டிக் கோலியனூர்ப் பக்கம் சம்பந்தியின் வேர்க்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லையில் பந்தல் போட்டார்கள். முந்நூறு பேர். வெளி மாவட்டத்திலிருந்து வந்தவர்கள் இ-பாஸில் காரணம் 'சாவு' என்று போட்டிருந்தார்கள். அத்தனை சாவுக்கும் ஒரே கொல்லையில் கெடா வெட்டினார்கள். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தினார்கள். தாய்மாமன் என்றால் சக்கரபாணியின் மகன் கோகுலகிருஷ்ணன்.

வாசலில் கூடை வைத்து வந்தவர்களின் போனையெல்லாம் வாங்கிப் போட்டார்கள். போனைப் பிடுங்கினார்களே தவிர போட்டோகிராபரை விட்டுவிட்டார்கள். ஆல்பம் இல்லாத விசேஷத்தை நம் பக்கத்தில் யாரும் விசேஷம் என்று ஒப்புக்கொள்வதில்லை. கறி சாப்பிட்ட சந்தோஷத்தில் சக்கரபாணி, கூடைக்குக் காவலாக நின்ற சவுரிராயனைக் கூப்பிட்டு, ஒரு கையில் பேரனும் இன்னொரு கை சவுரிராயன் தோளிலுமாக ஒரு படத்துக்கு நின்றார். தோளில் தலைவரின் கை. சவுரிராயன் போட்டோகிராபரின் பின்னாலேயே அலைந்து அந்த ஒரு படத்தை வாங்கிக்கொண்டான்.

நாலு நாள் பொறுத்தான். அதற்கு மேல் முடியவில்லை. பாதி ஷட்டருக்குள் குனிந்து பாண்டுரங்கனின் பிளெக்ஸ் கடைக்குள் நுழைந்தான்.

"பாண்டு, எங்க ரெண்டு பேர மட்டும் வெட்டி எடு. மேல 'கூட்டம் தவிர்ப்போம், கொரோனாவை வெல்வோம்'னு போடு."

பாண்டுரங்கன் திரையைப் பார்த்தான். "படத்துலருந்து கொழந்தய தூக்கிட்டா அண்ணனுக்கு ஒரு கைதான் இருக்கும்பா. பரவால்லியா?"

"அய்யய்யோ. அப்ப கொழந்த இருக்கட்டும். பேரப்புள்ளயப் பாத்தா அண்ணனும் குளுந்துடுவாரு."

"மூஞ்சில மாஸ்க் இல்லியே."

"ஒட்டு."

இரண்டு பேருக்கும் நீல மாஸ்க் ஒட்டினான். குழந்தைக்கு ஒட்டவில்லை. சின்னக் குழந்தைக்கு மாஸ்க் வேண்டாம் என்று டி.வி.யிலேயே சொல்லியிருந்தார்கள்.

மறுநாள் காலையில் மேம்பாலத்துக்குக் கீழே பேனர் நின்றது. கூட்டம் தவிர்ப்போம் என்ற எழுத்துக்கு அடியில் மொட்டைத் தலை, தலை நிறையச் சந்தனம், கழுத்தில் ரோஜா மாலை, சிவந்து வீங்கிய காதில் புதுக் கடுக்கன், வாய் கிழிய அழும் ஒரு பிள்ளை. எங்கே நின்ற படம் என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"சவுரி, கறி நல்லா வெந்துதா?" என்றார் பால்காரர். "எத்தினி கெடா?" என்றார் பேப்பர் போடுகிறவர். மத்தியானம் வாட்ஸப்பில் ஓடியது. பந்தியிலிருந்து எழுப்பப்பட்டவர்கள் தங்கள் குழம்பு விழாத இலையின் படத்தைப் பக்கத்தில் ஒட்டிப் போட்டார்கள். சாயங்காலம் உள்ளூர் சேனல். இரவு விழுப்புரத்திலிருந்து போன். திண்டிவனத்துக் கட்சிக்காரர்கள் விழுப்புரம் என்றால் மாவட்டச் செயலாளர் என்று அர்த்தம். பதவியா பேரனா என்று விழுப்புரம் கேட்டதாகப் பேசிக்கொண்டார்கள்.

அறை விழும் என்று நினைத்துத்தான் சவுரிராயன் போனான். டீ வந்தது. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"உக்காரு சவுரி" என்றார் சக்கரபாணி. அந்த வீட்டில் அவனுக்குப் போடப்பட்ட முதல் நாற்காலி. "விசேஷம் எனக்குத் தெரியாது. தாய்மாமன் ஆசப்பட்டு வச்சுட்டான். கேள்விப்பட்டு நிறுத்தத்தான் நான் போனேன். இதான் பேட்டி."

"சரிங்கண்ணே. அப்ப கோகுல் தம்பி மேல..."

"கோகுல் பேரு வரக்கூடாது. எளைஞரணி லிஸ்ட்ல கீறான்."

"அப்ப தாய்மாமனு?"

"பேனர்ல என் பக்கத்துல நீதான நிக்கிற?"

சவுரிராயன் டீ கப்பைக் கீழே வைத்தான். "நானாண்ணே?"

"ஒரு வாரம்டா. ஜனம் மறந்துடும். அபராதத்தக் கட்டு, கேஸ வாங்கிக்க. வார்டு உனக்கு."

வீட்டில் இசைவாணி கேட்டுவிட்டுச் சிரிக்கக்கூட இல்லை. "டீ எதுல குடுத்தாங்க?"

"பேப்பர் கப்புல."

"கொரோனாக்கு முன்னாடி?"

"அப்பவும் பேப்பர் கப்புதான்."

"பேப்பர் கப்புல குடிக்கிற தாய்மாமன இப்பத்தான் பாக்கறேன். போ, போய் பேட்டி குடு."

கொடுத்தான். பக்கத்தில் சக்கரபாணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாசத்துல பண்ணிட்டான். என் பொண்ணுக்கு இவன் கூடப்பொறந்தவன் மாதிரி" என்றார்.

"மாதிரியா சார்? இல்ல, தாய்மாமனேவா?" என்று மைக்கை நீட்டினான் ஒரு நிருபர்.

விழுப்புரம் நேரலையில் பார்த்துக்கொண்டிருக்கும். "தாய்மாமன்தான். என் புள்ளதான்" என்றார் சக்கரபாணி.

முந்நூறு பேர் சாப்பிட்டதை ஊர் ஒரு வாரத்தில் மறந்துதான் போனது. ஆனால் அந்தக் கடைசி வார்த்தையைச் சக்கரபாணியின் சொந்தக்காரர்கள் மறக்கவில்லை. காலனிக்காரனை எந்த வாயால் தாய்மாமன் என்று சொல்லலாம் என்று கோலியனூர்ச் சம்பந்தி போனில் கத்தினார். "கொரோனா வந்திருந்தாக்கூட ஊசி போட்டுக்கினு எழுந்திருப்போம். இத எதக் கொண்டு கழுவறது?" பந்தியில் நோய் பரவியதா என்று ஒருவரும் கேட்கவில்லை.

அவர்களைக் குளிரவைக்கச் சக்கரபாணிக்கு ஒரு வழிதான் தெரிந்தது. அது என்ன என்று சவுரிராயன் பாண்டுரங்கனின் கடையில்தான் தெரிந்துகொண்டான். மெஷினிலிருந்து ஈரமாக இறங்கிக்கொண்டிருந்த பேனரில் கோகுலகிருஷ்ணன் கும்பிட்டுக்கொண்டிருந்தான். 'வார்டின் விடிவெள்ளியே.'

நேராக சக்கரபாணி வீட்டுக்குப் போனான். இந்த முறை நாற்காலி இல்லை, கேட்டுக்கு வெளியேதான் பேச்சு.

"கேஸ் கீறவனுக்கு எப்டிடா சீட்டு குடுக்க முடியும்?" என்றார் சக்கரபாணி. "கட்சிக்குன்னு ஒரு மானம் இல்ல?"

அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. இசைவாணி தட்டை நகர்த்திவைத்துவிட்டு, "தாய்மாமன்னு டி.வி.ல அவரே சொல்லிட்டாரு. சரி, சீர் செஞ்சியா?" என்றாள்.

"இன்னா சீரு?"

"காது குத்துனா தாய்மாமன் சீர் எடுத்துக்கினு போவணும். இது தெரியாதா உனக்கு? வெறுங்கையோட போய் கறி துன்னுட்டு வந்திருக்கிறியே, ஊரு இன்னா பேசும்?"

விஷயம் தெரிந்ததும் காலனியில் முதலில் கதவைத் தட்டியது அந்தக் கல்யாண மாப்பிள்ளை. "பலாப்பழம் என் செலவு" என்றான். "அந்தத் துப்பாக்கிய மறக்காம எடுத்துக்கினு வாண்ணே." சவுரிராயனோடு பேசாமல் இருந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு தட்டு கேட்டு வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை புறப்பட்டது சீர். விதி அனுமதித்த அளவு ஆட்கள்தான். ஒவ்வொருவர் முகத்திலும் மாஸ்க், ஒவ்வொருவருக்கும் நடுவில் ஆறடி. அதனாலேயே வரிசை கடைத்தெரு முனையிலிருந்து சக்கரபாணியின் வாசல் வரைக்கும் நீண்டது. பழத்தட்டு, சர்க்கரைத் தட்டு, பட்டுச் சட்டை, வெள்ளிக் கொலுசு, தலைமேல் பலாப்பழம். கடைசியில் ஒற்றை மேளம், அதையும் மாஸ்க் போட்டுக்கொண்டே அடித்தார்கள். தெருவில் ஒவ்வொரு மாடியிலும் ஆள். சேனல்காரர்களுக்கு யார் சொன்னார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை, ஆனால் இசைவாணியின் போனில் அன்று சார்ஜ் தீர்ந்திருந்தது.

சமாதானம் பேச வந்த சம்பந்தி வீட்டார் ஹாலில் உட்கார்ந்திருந்த நேரம். மேளச் சத்தம் கேட்டு சக்கரபாணி வெளியே ஓடிவந்தார். முகத்தில் மாஸ்க் இல்லை.

"இன்னாடா இது?"

"சீருப்பா" என்றான் சவுரிராயன்.

"யாருடா அப்பா?"

"நீங்கதான டி.வி.ல சொன்னீங்க? தங்கச்சியக் கூப்புடுங்க. புள்ளய மடியில வச்சுக்கணும்."

உள்ளே நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. நிருபர் மைக்கை நீட்டினான். "சார், சீரை வாங்கிக்கலையா? இவர் தாய்மாமன் இல்லன்னா விசேஷத்த நடத்துனது யாரு?"

தட்டைத் தொட்டால் சம்பந்தி எழுந்து போவார். தொடாவிட்டால் விழுப்புரம் எழுதி வைத்திருக்கும் பதவி நீக்கக் கடிதத்தில் கையெழுத்து விழும். சக்கரபாணி இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு அரசியல்வாதிக்குரிய வேகத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினார். "கிட்ட வராதீங்க. எனக்குக் காலையிலருந்து காய்ச்சல்."

சவுரிராயன் துப்பாக்கியை எடுத்து அவர் நெற்றிக்கு நேரே நீட்டினான். பீப் என்றது. தொண்ணூற்றேழு சொச்சம். எண் அவன் கண்ணுக்கு மட்டும்தான் தெரிந்தது.

எண் தெரியும் பக்கத்தை உள்ளங்கையால் மூடினான்.

"நூத்தி ரெண்டு" என்றான் சத்தமாக.

சக்கரபாணியின் முகத்தில் அப்பாடா என்று ஒரு நிம்மதி வந்தது. அடுத்த வாக்கியம் வரைக்கும்தான் இருந்தது அது.

"நூத்தி ரெண்டுன்னா வூட்டயே அடைக்கணும். உள்ள கீறவங்க உள்ள, வெளிய கீறவங்க வெளிய. அண்ணன் போட்ட ரூலு. நகராட்சிக்கு யாராச்சும் போன் பண்ணுங்க, ஜல்தி."

பலபேர் பண்ணினார்கள். மூக்கில் குச்சி விட்டு எடுத்துக்கொண்டு போனார்கள், முடிவு வருவதற்குள் தகரம் வந்துவிட்டது. சக்கரபாணி, கோகுலகிருஷ்ணன், கோலியனூர்ச் சம்பந்தி எல்லாரும் உள்ளே. காய்ச்சல் பொய் என்று சொன்னால் சீரை வாங்க வேண்டும், அதனால் சக்கரபாணி சொல்லவில்லை. அந்தப் பதினாலு நாளும் சம்பந்தியோடு ஒரே ஹாலில் இருந்ததற்குக் கொரோனாவே வந்திருக்கலாம் என்று பின்னால் அவர் சொன்னதாகக் கேள்வி.

சவுரிராயனுக்கு வார்டு கிடைத்ததா என்றால், இல்லை. நகரச் செயலாளரே தகரத்துக்குள் இருந்த நேரத்தில் விழுப்புரம் தன் மைத்துனரை வார்டுப் பொறுப்பாளராக்கியது. மாவட்டச் செயலாளரின் மகனுக்கு அவர் நிஜமான தாய்மாமன். கட்சியில் ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை.

பலாப்பழத்தை மட்டும் திருப்பித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அதை அறுத்துக்கொண்டிருந்தபோது பாண்டுரங்கனிடமிருந்து போன் வந்தது.

"சவுரி, விழுப்புரத்து மச்சானுக்கு வரவேற்பு பேனர். பக்கத்துல போட லோக்கல்ல ஒரு தல கேக்கறாங்க. உன் தலயப் போடவா?"

காலனி முழுக்க அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. சவுரிராயன் சுளையை மென்று விழுங்கினான்.

"அவரு கை எங்க இருக்குன்னு மொதல்ல பாரு" என்றான்.