ஐந்தாவது அகப்பை

பெண்ட்டி வாளியிலிருந்து தண்ணீர் மொண்டு ஐந்தாவது அகப்பையையும் நிரப்பியபோது யாரும் தடுக்கவில்லை. நிரப்பியதைச் சிந்தாமல் எடுத்துப் போய் சவ்னாவில், அந்த நீராவிக் குளியலறையில், உட்காரும் மேல் பலகையின் கோடியில், சுவரோரமாக வைத்தார். அது பெருத்த உடம்புக்காரர் ஒலாவியின் இடம். ஒலாவி மார்ச் மாதமே போய்ச் சேர்ந்துவிட்டார்.

"அவன் சீசன் டிக்கெட் ஜூலை முப்பத்தொண்ணு வரைக்கும் செல்லும்," என்றார் பெண்ட்டி, யாரோ கேட்டுவிட்டதைப் போல. "அதுவரைக்கும் அவன் ஒரு ஆளுதான். விதி புத்தகத்துல சாவைப் பத்தி ஒரு வரி இல்ல."

விதி புத்தகத்தை எழுதியவர் ஹன்னு. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், ஊர் ஐஸ் ஹாக்கி அணியின் ரசிகர் சங்கத்துக்குச் செயலாளர். அவரும் விட்டுவிட்டார். ஒலாவி செத்த விதம் அப்படி. கால் இறுதி ஆட்டத்தின் நடுப் பகுதியில், அரங்கத்தில், இவர்களுக்கு நடுவில் உட்கார்ந்தபடியே உயிர் போயிருக்கிறது. ஒருவருக்கும் தெரியவில்லை. பெண்ட்டி அவர் கையில் சூடான ஸாஸேஜைக் கூடத் திணித்திருக்கிறார், கை அதைப் பிடித்துக்கொண்டது. ஆட்டம் முடிந்து ஊரே எழுந்தபோது அவர் எழவில்லை. உயிர் போய் ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும் என்றார் மருத்துவர். அந்த ஒரு மணி நேரத்தில் இவர்களுடைய ஆந்தைகள் அணி இரண்டு கோல் போட்டிருந்தது. இரண்டு தடவையும் பெண்ட்டி அவரைக் கட்டிப் பிடித்திருந்தார்.

ஹல்லாயார்வி ஊரில் கோடைக்காலம் என்றால் ஏரி, ஸ்ட்ராபெர்ரி, அணியை விட்டு யார் போகிறான், அணிக்கு யார் வருகிறான் என்ற பேச்சு, இவ்வளவுதான். அணியின் இருபத்துச் சொச்சம் பேரையும் நிர்வாகம்தான் தேர்ந்தெடுக்கும். ஆனால் தடுப்பாட்ட வரிசையின் கடைசி இடத்தை மட்டும் ரசிகர் சங்கத்துக்கு விட்டுவிடுவார்கள். குளிர்காலம் முழுக்க இவர்களிடம் திட்டு வாங்குவதைவிட அது மேல் என்று எப்போதோ ஒரு தலைவர் முடிவு செய்தது. சங்கத்தின் மூத்தவர்கள் ஜூலையில் ஒரு நாள் சங்கத்து சவ்னாவில் வியர்க்க வியர்க்கப் பேசி முடிவெடுப்பார்கள். அன்று மாலை ஆறு மணிக்குள் ஹன்னு நிர்வாகத்துக்குப் போன் செய்து சொல்லிவிட வேண்டும். சொன்னால் சொன்னதுதான்.

இந்த வருஷம் அந்தக் கடைசி இடத்தில் ஆடிக்கொண்டிருப்பவன் ஸாமுலி. மேல் பலகையில், ஒலாவியின் இடத்துக்குப் பக்கத்தில், முழங்கால்களைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த ரெய்யோவின் மகன். பெற்றவர் ஓட்டுப் போடக்கூடாது என்று விதி கிடையாது. இந்த ஊரில் யாருடைய பிள்ளைதான் ஒரு காலத்தில் அந்தப் பனித்தரையில் ஆடவில்லை? ஓட்டுக்கு நிற்பவன் மட்டும் உள்ளே வரக்கூடாது. ஸாமுலி சவ்னாவுக்கு மேலே மேட்டில் காருக்குள் காத்திருந்தான்.

"மொதல்ல கோல்கீப்பரை ஸ்வீடன்காரனுக்குத் தாரை வார்த்தாங்க," என்று தொடங்கினார் பெண்ட்டி. டாக்ஸி ஓட்டுகிறவர், நாள் முழுக்கப் பேசிப் பழகிய தொண்டை. "அப்புறம் நடுவுல ஆடறவனை அடுத்த ஊருக்கே அனுப்பிட்டாங்க. இப்ப கனடாவுலேர்ந்து ஒருத்தனாம். போன வருஷம் பூரா நாலே கோல். நாலு கோல் நானே போடுவேன்யா, டாக்ஸியை விட்டு எறங்காம."

"நீ போட்டதெல்லாம் தொப்பைதான்," என்றார் கௌக்கோ. மரம் அறுக்கும் ஆலையில் வேலை. மாதத்துக்கு நாலு வாக்கியம் பேசுவார், அதில் ஒன்று இப்படித் தீர்ந்தது.

ஹன்னு சிரிக்கவில்லை. "ஸாமுலிக்கு முப்பத்தினாலு. தாம்பரேல இருபது வயசுல ஒருத்தன் கெடைக்கறான். வேகம் இருக்கு. நம்மாளு திரும்பிப் பாக்கறதுக்குள்ள எதிராளி கோலுக்குப் பின்னாடி போய் ஒரு காப்பி குடிச்சிட்டு வந்துடறான்."

"அப்பன் பக்கத்துலயே உக்காந்திருக்கான். கொஞ்சம் பாத்துப் பேசு," என்றார் பெண்ட்டி.

"பரவால்ல, பேசட்டும்," என்றார் ரெய்யோ.

"வேகம் வேகம்கறியே, அந்த ரப்பர் வட்டு, பக்கு, பறந்து வந்தா அந்தப் பையன் முன்னாடி விழுவானா? நம்ம ஸாமுலி விழுவான். பதினஞ்சு வருஷமா விழுந்திருக்கான். டிசம்பர்ல தலையில அடிபட்டு, ஜனவரில திரும்ப வந்து, பிப்ரவரில மறுபடி அடிபட்டு, மார்ச்ல வந்து நின்னான். யாருய்யா நிப்பான் அப்படி?" பெண்ட்டியின் குரல் உடைந்தது. "டாக்டரே பாஸ் போட்டுட்டாரு."

ரெய்யோ கையில் இருந்த, குளிக்கும்போது உடம்பில் அடித்துக்கொள்ளும் பிர்ச் மர இலைக் கட்டைப் பார்த்தபடி இருந்தார். டாக்டர் பாஸ் போட்டது உண்மை. எப்படிப் போட்டார் என்பது இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். தலையில் அடிபட்டவனுக்கு ஒரு சோதனை உண்டு. ஐந்து சொற்களைச் சொல்லி, சற்று நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். மொத்தம் ஆறு பட்டியல்கள்தான் என்பது ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். பிப்ரவரியில் ஸாமுலி ஆறையும் எங்கிருந்தோ வாங்கி வந்து அப்பாவின் முன்னால் வைத்தான். ஒரு வாரம் அடுக்களை மேஜையில் உட்கார்ந்து, பள்ளிப் பிள்ளைக்குப் பாடம் கேட்பதைப் போல, ரெய்யோதான் கேட்டார். "விரல், காசு, போர்வை, எலுமிச்சை, பூச்சி." மகன் தடுமாறும் இடத்தில் எடுத்துக் கொடுத்தார். தேறிவிட்டான் என்று அன்று இரண்டு பேரும் பீர் குடித்தார்கள்.

இப்போது ஸாமுலி தூக்கத்தில் அந்தச் சொற்களைச் சொல்கிறான். ஜூன் மாதம் ஒரு காலையில் ஸ்கேட் காலணிகளை மாட்டிக்கொண்டு தோட்டத்தில், புல்லின் மேல் நின்றுகொண்டிருந்தான். பயிற்சிக்கு பஸ் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டான். போன வாரம் கடைத்தெருவிலிருந்து வந்து, "ஒலாவி மாமாவைப் பாத்தேம்ப்பா, கால் வலிக்குதாம்," என்றான். அவன் ஒலாவியின் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் ஒருவன். ரெய்யோ யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாதீங்கப்பா, ஒரே ஒரு சீசன் என்று மகன் கெஞ்சியிருந்தான். ஒரு சீசன் என்பது அறுபது ஆட்டம். இன்னும் ஒரே ஓர் அடி போதும் என்று ரெய்யோ பயந்தார், தன் மகன் தன்னையே அடையாளம் தெரியாமல் பார்க்க.

"சரி, போதும். ஓட்டுக்குப் போவோம்," என்றார் ஹன்னு.

கௌக்கோ இறங்கிப் போய் ஜன்னலுக்குப் பலகையை வைத்து மூடினார். வாளி வெளியே போனது. ஒரு வருஷம் பெண்ட்டி இரண்டு தடவை ஓட்டுப் போட்டதிலிருந்து வந்த ஏற்பாடு அது. ஆளுக்கு ஓர் அகப்பை, அதில் நிறையத் தண்ணீர். விளக்கை அணைத்ததும் ஹன்னு நூறு வரை எண்ணுவார். பழைய ஆள் இருக்கட்டும் என்பவன் தண்ணீரை அடுப்பில் பழுக்கக் காய்ந்த கற்கள் மேல் வீச வேண்டும். வேண்டாம் என்பவன் சத்தமில்லாமல் தன் மேலேயே ஊற்றிக்கொள்ள வேண்டும். விளக்குப் போடும்போது எல்லா அகப்பையும் காலியாக இருக்கும், யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது. ஐந்தில் மூன்று விழுந்தால் ஆள் இருப்பான்.

விளக்கு அணைந்தது. அடுப்புக் கதவின் விளிம்பில் சிவப்பாக ஒரு கோடு மட்டும் தெரிந்தது.

"ஒண்ணு, ரெண்டு, மூணு," என்று எண்ணத் தொடங்கினார் ஹன்னு.

பதினைந்துகூட ஆகவில்லை, முதல் தண்ணீர் கற்களில் சுர்ர்ரென்று விழுந்தது. அது பெண்ட்டி, சந்தேகமே இல்லை. நாற்பதில் இடப்பக்கமிருந்து இரண்டாவது. கௌக்கோ. ஆவி கூரைக்கு ஏறி, திரும்பிக் காதுகளில் இறங்கியது. ரெய்யோவின் அகப்பை கையில் கனத்தது. ஹன்னு போட மாட்டார். ஆக மிச்சம் இருப்பது தன்னுடைய ஒரு வீச்சுதான். அந்த ஒரு வீச்சுக்காக மேட்டில் காருக்குள் ஒருவன் காத்திருக்கிறான். பனித்தரையை விட்டால் அவனுக்கு வேறு ஒன்றும் தெரியாது. அறுபத்து மூன்று என்று கேட்டபோது ரெய்யோ அகப்பையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் முதுகில் சாய்த்தார். ஏரித் தண்ணீர் முதுகெலும்பு வழியாக இறங்கியது. மன்னிச்சுடுடா என்று உதடு மட்டும் அசைய அழுதார். அந்தச் சூட்டில் கண்ணீரும் வியர்வையும் ஒன்றுதான்.

எல்லாம் முடிந்தது என்று இருந்தார்.

"தொண்ணூத்தி நாலு, தொண்ணூத்தி அஞ்சு."

வலப்பக்கம், ஒலாவியின் இடத்தில், ஏதோ அசைந்தது. பலகை மெல்ல முனகியது, பெரிய உடம்புக்காரர் ஒருவர் முன்னால் குனிந்தால் முனகுமே அப்படி. வலது தோளில் நாலைந்து குளிர்ந்த துளிகள் விழுந்தன. கற்களில் மூன்றாவது தண்ணீர் சுர்ர்ரென்றது.

ஹன்னுவின் எண்ணிக்கை ஒரு கணம் நின்றது. பிறகு நூறு வரை போனது.

விளக்கு வந்ததும் பெண்ட்டி ரெய்யோவைக் கட்டிக்கொண்டார். "மூணு. கேட்டுச்சா? மூணு. உன் பிள்ளை இருக்கான்டா. கடைசி வரைக்கும் இழுத்தடிச்சு எங்க உயிர வாங்கிட்டியே பாவி." கௌக்கோ தோளில் தட்டினார். இருவரும் ஏரியில் குதிக்க ஓடினார்கள். ரெய்யோ வலப்பக்கம் திரும்பவில்லை. திரும்பாமலே இறங்கி, வெளியே வந்து, உடுத்திக்கொண்டார்.

படிக்கட்டில் ஹன்னு போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஆறு மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. வெயில் ஏரி மேல் அடித்துக்கொண்டிருந்தது.

"உன்கிட்ட மறைக்க மனசு வரல," என்றார் ஹன்னு தாழ்ந்த குரலில். "நான் போடல. போன மாசம் கடையில உன் பையன் ஒரே கேள்விய என்கிட்ட மூணு தடவை கேட்டான். நீ என்ன வேணா திட்டிக்கோ. எப்படியும் நீங்க மூணு பேரு போட்டு ஜெயிச்சுட்டீங்க."

"நானும் போடல," என்றார் ரெய்யோ.

ஹன்னு அவரைப் பார்த்தார். கணக்கு வாத்தியாரின் முகத்தில் கணக்கு ஓடுவது தெரிந்தது. ஓடி, ஓரிடத்தில் நின்றது. இருவரும் உள்ளே போனார்கள். ஒலாவியின் அகப்பை வைத்த இடத்திலேயே இருந்தது, ஆனால் கவிழ்ந்திருந்தது. ஹன்னு அதை நிமிர்த்தி, உள்ளே விரலை விட்டுப் பார்த்துவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"கொதிச்சு வத்தியிருக்கும்," என்றார்.

"சத்தம் கேட்டுதே."

"கேட்டுது."

"ஹன்னு, மூணுன்னு சொல்லாத. அவன் ஆடக்கூடாது. அந்தச் சோதனைக்கு அவனைப் படிக்க வச்சதே நான்தான்." ஐந்து மாதம் பூட்டி வைத்திருந்தது அது.

"பெண்ட்டி கேட்டான்னா?"

"நான் சொல்லிக்கறேன். உயிரோட இருக்கறவங்கள மட்டும் எண்ணு."

ஹன்னு வெகுநேரம் யோசிக்கவில்லை. வாசலுக்கு வந்து, ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எண்ணை அழுத்தினார். "சங்கத்துலேர்ந்து பேசறேன். ரெண்டு. ஆமா, ரெண்டுதான். தாம்பரேக்காரனையே எடுத்துக்கோங்க." பேசி முடித்து போனை அணைத்தார். உள்ளே பலகை முனகியது. இருவரும் கேட்டார்கள். ஒருவரும் திரும்பவில்லை.

மேட்டுக்கு ஏறும் வழி நெடுக ரெய்யோ சொல்லப்போவதை ஒத்திகை பார்த்தார். பெண்ட்டியும் கௌக்கோவும் போட்டாங்க, நானும் போட்டேன், ஆனா. இல்லை, பொய் வேண்டாம். பொய்யில்லாமல் எப்படிச் சொல்வது? காருக்குள் ஸாமுலி முன் இருக்கையில் பெல்ட் போட்டு, கைகளை மடியில் வைத்து, சமர்த்தாக உட்கார்ந்திருந்தான். பதினைந்து வருஷம் பனியில் விழுந்து எழுந்த உடம்பு. மூக்கு இரண்டு இடத்தில் வளைந்திருந்தது. ரெய்யோ ஏறிக் கதவைச் சாத்தினார். சாவியைப் போட்டார்.

"ஸாமுலி," என்றார்.

"தெரியும்ப்பா." அவன் குரலில் கோபமில்லை. தலையைச் சாய்த்து, சின்ன வயதில் பார்ப்பதைப் போலவே அப்பாவைப் பார்த்தான். "முதுகுல ஊத்திக்கிட்டீங்களே, தண்ணி ரொம்ப ஜில்லுன்னு இருந்துச்சா?"

ரெய்யோவின் சட்டை உலர்ந்திருந்தது. யாரும் அவருக்கு முன்னால் மேட்டுக்கு ஏறி வரவில்லை. பெண்ட்டியும் கௌக்கோவும் இன்னும் ஏரியில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உனக்கு யாருடா சொன்னது?"

ஸாமுலி பாதையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். ரெய்யோ வேறு வழியில்லாமல் சாவியைத் திருப்பினார். வண்டி கிளம்பியதும் கீச் கீச்சென்று கூவத் தொடங்கியது. முன்னால் சிவப்பு விளக்கு மினுக்கியது: பின் இருக்கை, வலப்பக்கம், பெல்ட் போடவில்லை.

ரெய்யோ இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடியில் பார்க்கவில்லை.

ஸாமுலி தன் பெல்ட்டைத் தளர்த்தி, உடம்பைத் திருப்பிப் பின்னால் சாய்ந்தான். வயதானவர்களுக்குச் செய்யும் பொறுமையோடு அந்தப் பட்டையை மெல்ல, நீளமாக, பெரிய வயிற்றைச் சுற்றிக் கொண்டுவருவதைப் போல இழுத்து மாட்டினான். கிளிக் என்றது. கூவல் நின்றது.

"போலாம்ப்பா," என்றான். "மெதுவா ஓட்டுங்க. அவருக்குக் கால் வலி."