பதினான்காம் வண்டி எட்டுப் போடுகிறது

டார்ச்சைத் தேடிக் கருவிப்பெட்டியைக் குடைந்த தம்பியின் கையில் அந்தச் சின்னப் புட்டி அகப்பட்டது. மூடியைச் சுற்றியிருந்த சீல் உடையவே இல்லை. அதை முந்தாநாளே அக்காவின் காரில் ஊற்றியாயிற்று என்று யார் கேட்டிருந்தாலும் சத்தியம் செய்திருப்பான்.

மலைப்பாதைப் பந்தயத்தின் எட்டாவது கார் அப்போதுதான் உறுமிக்கொண்டு ஏறியது. மூன்று நிமிடத்துக்கு ஒரு கார். அக்காவின் எண் பதினான்கு. அவன் நகத்தைக் கடித்தான், புட்டியைப் பைக்குள் போட்டான், எடுத்தான், மறுபடி போட்டான்.

ஆறு மாதமாக வீட்டில் இந்த டிஃபரன்ஷியல் சண்டைதான். வளைவில் வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும். பின்சக்கரங்கள் இரண்டுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் சாதாரண டிஃபரன்ஷியல் அதற்கு இடம் கொடுக்கும். ஆனால் பிடிமானம் இல்லாத சக்கரத்துக்கே விசையை எல்லாம் வாரிக் கொடுத்துவிடும். அதைத் தடுக்கும் வகைகளில் எது உசத்தி என்பதுதான் கேள்வி. அக்கா, பற்சக்கரங்களை வைத்தே தடுக்கும் கியர் டைப் கட்சி. "சத்தம் போடாது, முரண்டு பிடிக்காது, பல வருசம் உழைக்கும். எனக்கு அது போதும்டா" என்றாள். கெட்டி எண்ணெயை அடைத்துவைத்த இன்னொரு வகை அவள் நண்பரின் காரில் இருந்தது. சூடேறினால் சோர்ந்துவிடுகிறது என்று அதை இருவருமே ஒதுக்கிவிட்டார்கள். தம்பி, தட்டுகள் ஒன்றையொன்று கடித்துப் பிடிக்கும் பிளேட் டைப்புக்காக ஒற்றைக்காலில் நின்றான். "மூணாவது வளைவுல உன் உள்சக்கரம் அந்தரத்துல தூக்குதுக்கா. சக்கரம் தூக்கிட்டா உன் கியர் டைப் கையை விரிச்சிடும். பிளேட் விடாது, கடிச்சுப் பிடிச்சுக்கும்." போன வருடம் அந்த வளைவில் இழந்த அரை நொடியில்தான் கோப்பை போனது. இந்தத் தடவையும் கோப்பை இல்லையென்றால் காரை விற்றுவிடுவதாக அவள் சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள். கடைசியில் சண்டையில் தம்பியே ஜெயித்தான்; காரில் பிளேட் டைப் ஏறியது.

பிளேட் டைப்புக்கு எண்ணெயோடு புட்டியில் இருக்கும் இந்த வழுக்கு மருந்தையும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் தட்டுகள் தேவையில்லாத நேரத்தில் கடித்துக்கொண்டு, கார் வளைவில் திரும்பாமல் நேராகப் போகப் பார்க்கும். மூன்றாவது வளைவில் நேராகப் போனால் பள்ளம். முந்தாநாள் டிஃபரன்ஷியலுக்குள் எண்ணெய் இறங்கிக்கொண்டிருந்தபோது அவன் மெக்கானிக்குகளின் குழுவில் கியர் டைப்காரன் ஒருவனோடு போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். 'மருந்தை மறக்கிறவன்தான் பிளேட்டைக் குறை சொல்வான்' என்று மெசேஜ் தட்டிவிட்டு, அந்தப் பெருமையோடு எண்ணெய்த் துளையின் அடைப்பையும் முடுக்கிவிட்டான்.

சொல்லாமல் விட்டால்? தட்டுகளை எண்ணெயில் ஊறவைத்துத்தானே கோத்தான். ஒரே ஒரு ஏற்றம், தாங்கிவிடும். இப்படி நினைத்த மறுகணமே தன் மேல் அவனுக்கு அருவருப்பு வந்தது.

அக்கா ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் புட்டியை ஜன்னல் வழியாக நீட்டினான்.

"ஊத்தலக்கா. மறந்துட்டேன்."

அவள் புட்டியைப் பார்த்தாள், பிறகு முன்னால் நின்ற கார் வரிசையைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

"காலையில திருப்பும்போது ஒரு மாதிரி கடகடன்னுச்சு. பிளேட் டைப்புன்னா அப்படித்தான் போலன்னு நெனச்சேன். ஊத்த எவ்வளவு நேரம்?"

"அஞ்சு நிமிசம். ஆனா ஊத்தினா மட்டும் பத்தாது. தட்டுக்குள்ள போய்ச் சேரணும். மெதுவா எட்டுப் போடணும்."

"வாரம் பூரா ஊரான் பிள்ளைங்களுக்கு அதைத்தானே சொல்லிக்குடுக்கறேன்" என்றாள். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். "பின்னாடி திடலுக்கு விடறேன். ஓடியா."

பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, அவன் அடியில் புகுந்தான். சுடும் எண்ணெயில் கொஞ்சத்தைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டு மருந்தை ஏற்றினான். அவசரத்தில் அடைப்பின் மரை இரண்டு தடவை தப்பியது. முழங்கை வரை எண்ணெய். வெளியே வந்தபோது மேலே பதினோராவது கார் போய்க்கொண்டிருந்தது.

அக்கா ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து எட்டுப் போடத் தொடங்கினாள். முதல் சுற்றில் பின்னச்சு கடகடவென்று அதிர்ந்தது. நாலாவதில் குறைந்தது. ஏழாவதில் இடப்பக்கம் மட்டும் ஒரு 'கட்'. அவன் காரின் கூடவே குனிந்தபடி ஓடினான். ஒலிபெருக்கி "பதினாலு, பதினாலு" என்று கத்தியது. கார்களைக் கிளப்பிவிடும் கொடிக்காரர் திடலை நோக்கி வேகமாக நடந்து வந்தார்.

"சத்தம் போயிடுச்சாடா?" என்றாள் அக்கா, காரை நிறுத்தாமல்.

ஆமாம் என்று சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. இந்த ஆறு மாதத்தில் அவள் கேட்ட எதற்கும் அவனிடம் பதில் இல்லாமல் போனதில்லை.

"தெரியலக்கா. மைக் சத்தத்துல எனக்குத் தெரியல."

அவள் அவன் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். "சரி. இன்னொண்ணு போடறேன். நல்லாக் கேளு."

கார் விலகிப் போய்த் திரும்பியது. அவன் எட்டின் இடப்பக்க வளையத்தை ஒட்டி, சக்கரத் தடத்துக்கு ஒரு முழம் வெளியே, புழுதியில் ஒருக்களித்துப் படுத்து, மைக் சத்தத்தை மீறி அந்தக் 'கட்' கேட்கிறதா என்று காதைத் தரையில் வைத்தான். திரும்பாமல் நேராக வந்தால் கார் அவன் மேல்தான் ஏறும். கொடிக்காரர் "யோவ், எந்திரி!" என்று அலறியபடி ஓடி வந்தார். தரை அதிர்ந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டு, அக்கா ஸ்டியரிங்கை ஒடிப்பதற்காகக் காத்திருந்தான்.