புருலின் மடக்குக் கத்தி

தாஷ்-கெச்சூ ஊரில் ஏப்ரல் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து எந்தக் கத்தியும் எதையும் நறுக்கவில்லை, புருல் வைத்திருந்த மடக்குக் கத்தியைத் தவிர. அதே வாரத்தில் உருளைக்கிழங்கு கிலோவுக்கு நான்கு சோம் ஏறியது. ஊர் முதலில் கவலைப்பட்டது அதற்குத்தான். கத்தியை வெங்காயத்தின் மேல் வைத்து அழுத்தினால் வெங்காயம் குழிந்தது, பிறகு பழையபடி உருண்டையானது. கத்தரிக்கோல் துணியை மடித்துக் கொடுத்தது. கோடரி விறகைப் பிளந்தது, ரம்பம் பலகையை அறுத்தது. பள்ளியில் இயற்பியல் நடத்தும் மெதெத் அதற்கு விளக்கம் சொன்னார். கோடரி செய்வது பிளப்பது, ரம்பம் செய்வது கிழிப்பது. கூரான ஒரு விளிம்பு ஒரு பொருளுக்குள் இறங்கி அதை இரண்டாக்குவது என்ற ஒரு காரியம் மட்டும்தான் ஊரைவிட்டுப் போயிருக்கிறது என்றார். அவர் மனைவி இரண்டு நாள் ரம்பத்தால் வெங்காயம் அறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் கூழான வெங்காயத்தை அவர் தட்டிலேயே கொட்டிவிட்டு, புருலைக் கூப்பிடப் போனாள்.

புருலுக்கு வயது நாற்பத்து மூன்று. வாய்க்கால் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்டு விடும் வேலை. மதகில் சிக்கும் கயிறு, சாக்கு, புல்பூண்டு எல்லாவற்றையும் அறுக்க வேண்டியிருப்பதால் பதினெட்டு வயதிலிருந்து கத்தி அவள் பாக்கெட்டில் இருந்தது. ஒரு காலத்தில் ஊரில் ஆளுக்கொரு கத்தி இருந்தது. விருந்தில் வெந்த இறைச்சி வந்ததும் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் அவரவர் கத்தியை எடுத்து, மாவுப் பட்டையோடு கலக்க வாகாக மெல்லிசாகச் சீவுவார்கள். பிறகு ஒருவர் மறந்துவிட்டு வந்தார், இன்னொருவர் கால்சட்டை மாற்றியதில் விட்டுவிட்டார். "புருல்கிட்டத்தான் இருக்குல்ல?" என்றார்கள். இருந்தது. அவளும் எடுத்துக் கொடுத்தாள். இருபது வருடத்தில் தாஷ்-கெச்சூவின் பாக்கெட்டுகளில் சூரியகாந்தி விதையும் செல்போனும் மட்டும் மிஞ்சின.

இப்போது அந்த ஒரு கத்தி முந்நூற்றுப் பத்து வீட்டுக்கும் போதவேண்டியிருந்தது. விடியும்போதே பக்கத்து வீட்டுக் கலிச்சா வேலி மேல் தலையை நீட்டி, "அடியே புருல், மாவு காயுதுடி, ஒரு நிமிஷம் வந்துட்டுப் போ!" என்பாள். நூடுல்ஸ் மாவை நறுக்கிவிட்டு வெளியே வந்தால் குட்டி போட்ட ஆட்டின் தொப்புள்கொடி. அதை முடித்தால் ஆட்டுக்குட்டிகளுக்குக் காதில் அடையாள வெட்டு. எந்த வீட்டில் ஆடு அறுத்தாலும் அவள் போய் நின்று கத்தியைக் கொடுத்து, ரத்தம் வடிந்து முடியும்வரை காத்திருந்து, கழுவி வாங்கிக்கொண்டு வரவேண்டும். கடைக்காரன் சாகின் பார்சல் கட்டிய சணலை அறுக்கக்கூட ஆள் அனுப்புவான். "அந்த முடிச்ச அவுத்தா என்ன, கை தேஞ்சா போயிடும்?" என்று அவள் கேட்டதற்கு, "அவுக்கத் தெரிஞ்சா உன்ன எதுக்குக் கூப்பிடுறேன்?" என்றான்.

கத்தியை மட்டும் இரவல் கொடுத்துவிட்டு அவள் எங்காவது போயிருக்கலாமே என்று கேட்கலாம். அதையும் செய்து பார்த்தாயிற்று. அவள் பாக்கெட்டைவிட்டு இரண்டு மணி நேரம் பிரிந்திருந்தால் அந்தக் கத்தியும் செத்துவிடும். திரும்பி வந்து அரை நாள் கிடந்தால்தான் உயிர் வரும். நரின் சந்தையில் புதுக்கத்தி வாங்கி வந்தார்கள். ஊர்ப் பாலம் வரைக்கும் வெட்டியது. பாலத்தின் இந்தப் பக்கம் வந்ததும் தகடாகிவிட்டது. புருல் எத்தனையோ வீட்டுக் கத்திகளை வாங்கிச் சாணைக்கல்லில் தீட்டினாள், பட்டை பட்டையாக ஒளி விடும்வரை. விளிம்பில் ஒரு குறையும் இல்லை என்று மெதெத் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துச் சொன்னார். உள்ளங்கையில் வைத்து இழுத்தால் கூசியது, அவ்வளவுதான். ஏன் என்று அவளுக்கும் புரியவில்லை, அவருக்கும் புரியவில்லை.

இப்படி இரண்டு வருடம் போனது. அந்த இரண்டு வருடத்தில் கணவாய்க்கு அந்தப் பக்கம் கோச்கோரில் அவள் தங்கை ஸூராவுக்குக் கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து ஒரு பையன் பிறந்தான். எர்மெக் என்று பெயர் வைத்தார்கள். தொட்டிலில் போட்டார்கள், பல் முளைத்தது, தவழ்ந்தான். எதற்கும் புருலால் போக முடியவில்லை. ஒருமுறை பையைக் கட்டிக்கொண்டு வேனில் ஏறிவிட்டாள். வேன் பாலத்தைத் தாண்டுவதற்குள் பதினோரு பேர் குறுக்கே நின்றார்கள். யார் வீட்டிலோ பசு கயிற்றில் சுற்றிக்கொண்டு கழுத்து இறுகிக் கிடந்தது. பசுவைப் பார்த்துவிட்டு எப்படிப் போவது? இறங்கினாள். அறுத்துவிட்டு நிமிர்ந்தபோது வேன் போயிருந்தது, பையும் அதோடு.

மூன்றாவது வசந்தத்தில், மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸூரா போன் செய்தாள். பையன் நடக்கத் தொடங்கிவிட்டான். நடக்கத் தொடங்கிய பிள்ளையின் இரண்டு காலையும் கறுப்பு வெள்ளை நூலால் சேர்த்துக் கட்டி, ஓட்டப்பந்தயத்தில் முதலில் வருகிறவர் அதை அறுத்துவிட வேண்டும். அறுக்காத பிள்ளை காலமெல்லாம் தடுக்கி விழும். அந்த நேரம் குழந்தையைத் தாங்கிப் பிடிப்பது அக்காவாக இருக்க வேண்டும் என்று ஸூரா பிடிவாதமாக இருந்தாள். அதற்காகவே இரண்டு முறை தள்ளிப்போட்டிருந்தாள்.

"எட்டு வருஷம் கழிச்சுப் பெத்த புள்ளக்கா. அவன் மூஞ்சிய நீ போன்லதான் பாத்திருக்க. ஊருக்கே வெங்காயம் நறுக்குறவளுக்கு எங்க வீட்டுக்கு வர நேரம் எங்க இருக்கு?"

"வரேன்டி."

"போன தடவையும் இதைத்தான் சொன்ன. உன் பைதான் வந்துச்சு. நேத்து வாசப்படில விழுந்து உதட்டக் கிழிச்சுக்கிட்டான். இன்னும் இருபது நாள், சனிக்கிழமை. வந்தா பிடி, வரலன்னா என் நாத்தனார் பிடிப்பா. அப்புறம் நீ அவனுக்குப் பெரியம்மான்னு போன்லயே இருந்துக்க."

மறுநாள் காலை மதகில் நின்றபோது புருலுக்கு எரிச்சலில் கை ஓடவில்லை. சிக்கிய சாக்கை அறுக்கக் கோட்டுப் பாக்கெட்டில் கையை விட்டாள், எடுத்தாள், அறுத்தாள், பிறகுதான் பார்த்தாள். கையில் இருந்தது அவள் கத்தி அல்ல. கலிச்சா தீட்டக் கொடுத்த சின்ன மடக்குக் கத்தி. திருப்பிக் கொடுக்க மறந்து கோட்டிலேயே கிடந்தது. மறுபடி ஒரு கயிற்றை அறுத்தாள். அறுந்தது. அங்கேயே உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினாள். கத்தியை வாங்கியது வாய்க்கால் தூர்வாரிய நாளில். ஒன்பது நாள்.

மெதெத்துக்கு ஒரே ஒரு தடவை நடந்ததில் நம்பிக்கை கிடையாது. உன் பாக்கெட்டில் ஏதாவது விசேஷம் இருக்கலாம் என்றார். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய மூன்று கத்திகளை எடுத்து, ஒன்றைத் தன் கால்சட்டைப் பாக்கெட்டிலும், ஒன்றைத் தன் கைப்பையிலும், ஒன்றை மேசை இழுப்பறையிலும் வைத்தார். தினமும் காலையில் மூன்றாலும் ஒரு தாளை வெட்டிப் பார்த்து எழுதி வைத்தார். எட்டு நாள் மூன்றும் தாளை மடித்தன. ஒன்பதாம் நாள் பாக்கெட்டில் இருந்தது தாளை நறுக்கி, கீழே இருந்த அவர் கட்டை விரலையும் நறுக்கியது. ரத்தத்தோடு தெருவில் ஓடிவந்து, "வெட்டுது, வெட்டுது!" என்று கத்தினார். இரண்டு வருடத்தில் அந்த ஊரில் முதல் வெட்டுக்காயம் அது. எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

இன்னும் பத்து நாள் இருந்தது. புருல் வீடு வீடாகப் போய், பெண்கள் உட்பட நாற்பது பேரைக் கத்தி வைத்துக்கொள்ளச் செய்தாள். செய்யச் சொன்னது சுலபமான காரியம். கத்தியைப் பாக்கெட்டில் போட வேண்டும், எடுத்து வைக்கக் கூடாது. அதைச் செய்ய ஒரு ஊருக்கு இவ்வளவு கஷ்டமா என்று அவளுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. ஒருவர் குத்துகிறது என்று ஜன்னலில் வைத்தார். ஒருத்தி துணியோடு துவைத்துக் கொடியில் காயப்போட்டாள். ஒருவர், "உன்கிட்டத்தான் இருக்கே, எனக்கு எதுக்கு?" என்று நல்லெண்ணத்தோடு கேட்டார். தினமும் காலையில் தண்ணீர் திறப்பதற்கு முன் அவள் தெருவில் நின்று, போகிற வருகிறவர் பாக்கெட்டையெல்லாம் தட்டிப் பார்த்தாள். ஐந்தாம் நாள் இருபது பேர், எட்டாம் நாள் ஏழு பேர்.

ஒன்பதாம் நாள் ஏழு கத்தியும் வெட்டின. சாகின் தன் கத்தியால் குதிரைக்கறித் தொத்திறைச்சியை வட்டம் வட்டமாக நறுக்கி, கடை வாசலில் நின்றே தின்றான். அப்போது கலிச்சா மாவைத் தட்டில் ஏந்திக்கொண்டு வந்தாள்.

"சாகின் தம்பி, இத நறுக்கிக் குடுத்துடு."

"அது புருல் வேலைல்ல? அவகிட்டப் போ."

சொல்லிவிட்டு அடுத்த வட்டத்துக்குக் கத்தியை வைத்தான். தொத்திறைச்சி குழிந்தது. திருப்பி வைத்தான், தீட்டினான், முறைத்தான். கலிச்சா தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் மாவில் தூசி விழுந்தது. மெதெத் கட்டுப்போட்ட விரலோடு வந்து பார்த்து, இரண்டாவது நிபந்தனையையும் நோட்டில் எழுதினார். கலிச்சா போட்ட சத்தத்தில் அது சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. சாகின் ஒன்றாம் நாளிலிருந்து மறுபடி தொடங்கினான்.

ஆறு கத்தி. மேலத் தெருவில் இரண்டு, பாலத்தருகே ஒன்று, பள்ளியில் மெதெத்திடம் ஒன்று, ஆட்டுப் பட்டிகளில் இரண்டு. புருல் இன்னொரு முறை எண்ணிப் பார்த்தாள், வெள்ளிக்கிழமை காலை வேனில் ஏறினாள். பாலத்தில் யாரும் நிற்கவில்லை. கணவாயில் இன்னும் பனி இருந்தது. சனிக்கிழமை ஸூரா பிள்ளையைத் தூக்கி அவள் கையில் கொடுத்தாள். புருல் அவனை அக்குளில் பிடித்து நிறுத்தினாள். போனில் தெரிந்ததைவிடக் கனமாக இருந்தான். கால்களைக் கட்டினார்கள். பிள்ளைகள் புழுதி பறக்க ஓடிவந்தார்கள். எதிர்வீட்டுச் சிறுமி முதலில் வந்து நூலை அறுத்தாள். எர்மெக் புருலின் கையைத் தட்டிவிட்டு, கூட்டத்துக்கு நடுவே ஏழெட்டு அடி நடந்து, ஒரு செருப்பை எடுத்து வாயில் வைத்தான். அந்த மூன்று நாளும் அவள் போன் ஒரு முறைகூட அடிக்கவில்லை. அதற்கும் அவளுக்குக் கொஞ்சம் கோபம் வந்தது.

மெதெத் எழுதியதை இப்போதும் சாகின் கடைக் கதவில் ஒட்டிவைத்திருக்கிறார்கள். கத்தி ஒன்பது நாள் இடைவிடாமல் உடம்போடு இருக்க வேண்டும். கால்சட்டை மாற்றினால் முதலில் கத்தியை மாற்ற வேண்டும். யார் கேட்டாலும் எடுத்து நறுக்கித் தர வேண்டும். அப்படி வைத்திருந்தால் வெட்டும். இன்றைய கணக்கில் ஊரில் வெட்டும் கத்திகள் ஐம்பத்து மூன்று.