புறா என்று பெயர் வாங்கியவள்

மத்திய வங்கியின் வட்டிக் குழுவில் ஐந்து பேர். நாட்டில் வட்டி ஏறுவதா, இறங்குவதா, அப்படியே கிடப்பதா என்று அவ்வப்போது கூடி முடிவு செய்கிறவர்கள். ஐந்து முகங்களை ஞாபகம் வைத்துக்கொள்ளப் பத்திரிகைக்காரர்களுக்குச் சிரமம் போலிருக்கிறது. ஏற்று என்கிறவர் பருந்து, ஏற்றாதே என்கிறவர் புறா என்று எழுதி வேலையைச் சுருக்கிவிட்டார்கள்.

குழுவில் இருந்த ஒரே பெண்ணுக்கு விழுந்த பெயர் புறா. கூடப் பிறந்த தம்பியிலிருந்து அலுவலக டிரைவர் வரை எல்லாருக்கும் அவள் அக்கா; பத்திரிகைக்கு மட்டும் புறா. தொழிலெல்லாம் படுத்துக் கிடந்த ஒரு வருஷம், வட்டியைக் குறைக்கச் சொல்லித் தனி ஆளாக மல்லுக்கட்டினாள். அவ்வளவுதான் அவள் செய்தது. அதற்கப்புறம் தும்மினாலும் புறா தும்மியது என்றுதான் செய்தி வந்தது.

இந்தத் தடவை அவளுக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. விலைவாசி ஏறிக்கொண்டே இருந்தது. அடங்கிவிடும் என்று ஒரு பக்கம் தோன்றியது, அடங்காது என்று இன்னொரு பக்கம். யாரிடமாவது வாய்விட்டுப் பேசலாம் என்றால் அதுவும் முடியாது. கூட்டத்துக்கு முந்தின வாரம் முழுக்க வட்டியைப் பற்றிக் குழுவுக்கு வெளியே ஒருவரிடமும் மூச்சு விடக்கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி.

அந்த வாரத்தில்தான் தம்பி சாப்பிட வந்தான். மேசை, அலமாரி செய்கிற பட்டறை வைத்திருக்கிறான். வாய் ஓயாதவன்.

"பட்டறை எப்படிடா போகுது?" என்று கேட்டாள். தம்பியிடம் யாரும் கேட்கிற கேள்விதானே.

"அமோகமா போகுது. இப்பல்லாம் மாசாமாசம் விலையை ஏத்திடறேன்."

"மரம் ஏறிடுச்சா?"

"மரம் அப்படியேதான் இருக்கு. எப்படியும் ஏறத்தான் போகுது, முந்திக்கிட்டா என்ன? பக்கத்துப் பட்டறைக்காரனும் ஏத்தறான். வர்றவங்க ஒரு வார்த்தை பேரம் பேசறதில்லக்கா. அடுத்த மாசம் இன்னும் ஏறிடும்னு அவங்களே அவசரப்படறாங்க."

அவளுக்கு அந்தக் கடைசி வார்த்தைதான் உறைத்தது. அரிசி விலையும் எண்ணெய் விலையும் ஏறி இறங்கும். அதற்குப் பயப்பட வேண்டாம். ஏறத்தான் போகிறது என்று விற்கிறவனும் வாங்குகிறவனும் சேர்ந்து நம்ப ஆரம்பித்தால், அதைப் பிடித்து நிறுத்துவது பெரும் பாடு. மாதக்கணக்காக ஊசலாடிய மனசு அந்தச் சாப்பாட்டு மேசையில் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. வட்டியை ஏற்றித்தான் ஆகவேண்டும்.

அவன் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னான்: "நாளைக்குப் பேங்குல கையெழுத்து. புது மெஷினுக்குக் கடன். நிலையான வட்டின்னா கொஞ்சம் கூட கேக்கறான். நீங்க ஏத்தினா ஏறும், இறக்கினா இறங்கும், அந்த மாறுற வட்டியே போதும்னுட்டேன். அதான் நீ இருக்கியே, ஏத்த விடவா போறே?"

"உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்."

"கல்லு மாதிரி மூஞ்சிய வச்சுக்கறா பாரு. புரியுது, புரியுது. நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

"எனக்காக நீ எதையும் முடிவு பண்ணாத."

"பேப்பர்லயே போட்டிருக்கான், நீ புறான்னு. உன்னைவிட அவனுக்கு நல்லாத் தெரியும்," என்று சிரித்தான்.

'பொறுடா' என்று ஒரு வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொன்னால் அவன் பக்கத்துப் பட்டறைக்காரனிடம் சொல்வான், அவன் மச்சானிடம் சொல்வான், பொழுது சாய்வதற்குள் சந்தையே புரண்டுவிடும். தெருவில் போகிற எந்த அக்காவும் தம்பிக்குச் சொல்லக்கூடிய புத்திமதி. இவளால் மட்டும் முடியாது. எழுந்துபோய்க் குழாயைத் திறந்து, கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள்.

கூட்டத்தன்று போய் உட்கார்ந்தால், மேசைமேல் அறிக்கை தயாராக இருந்தது. 'வட்டியில் மாற்றமில்லை' என்று தட்டச்சே ஆகியிருந்தது. குழுத் தலைவருக்கு ஒரு பழக்கம் உண்டு. இரண்டு நாள் முன்னாலேயே ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு, உடம்பு சௌக்கியம் விசாரிக்கிற சாக்கில் நாடி பிடித்துப் பார்த்துவிடுவார். இவளை மட்டும் கூப்பிடவே இல்லை. புறாவுக்கு என்ன நாடி பார்ப்பது?

பருந்து என்று பேர் வாங்கிய இரண்டு பேரும் ஏற்று என்றார்கள். குழுவிலிருந்த பேராசிரியர் வேண்டாம் என்றார். இவள் முறை வந்ததும் தலைவர் பேனாவை மூடியே வைத்துவிட்டார்.

"ஏத்தணும்," என்றாள்.

"அம்மா, ஏத்த வேண்டாம்னுதானே?"

"ஏத்தணும்னேன். மரம் விலை ஏறாமலே ஒரு பட்டறைக்காரர் மாசாமாசம் விலையைக் கூட்டறார். எல்லாரும் கூட்டுவாங்கங்கற ஒரே நம்பிக்கையில. வாங்கறவங்களும் அதையேதான் நம்பறாங்க."

பேராசிரியர் அவள் பக்கம் குனிந்தார். "நீங்களே இப்படிப் பேசலாமா? உங்களை நம்பித்தானே நான் வாதமே தயார் பண்ணாம வந்தேன்?"

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. யாருமே கேக்கலையே சார்."

மூன்று பேர் ஏற்று என்றபின் தலைவரும் தலையாட்டிவிட்டார். புது அறிக்கை அடிக்கிற வரைக்கும் யாரும் அவளுடன் முகம் கொடுத்துப் பேசவில்லை. மத்தியானம் செய்தி வந்தது. 'பருந்தாக மாறிய புறா.' ஏன் ஏற்றச் சொன்னாள் என்று ஒரு வரி இல்லை.

தம்பியின் போனும் வந்தது.

"கையெழுத்துப் போட்டு மை காயலக்கா. ஒரு கண் ஜாடை காட்டியிருக்கக் கூடாதா?"

"கூடாதுடா. காட்டியிருந்தா நான் அந்த நாற்காலியில உக்காரவே லாயக்கில்லாதவ."

"சரி, அது கிடக்கட்டும். அப்படி என்னதான் வந்துச்சுன்னு ஏத்தினே?"

மழுப்பியிருக்கலாம். அவளுக்கு மழுப்பி மழுப்பி அலுத்துப்போயிருந்தது. "நீ சொன்னதுதான். மரம் ஏறாமலே ஏத்தறேன்னியே."



"அப்ப நான் வாயை மூடிக்கிட்டுச் சாப்பிட்டிருந்தா?"

"நீ ஒருத்தன் இல்லடா. ஊரெல்லாம் அப்படித்தான் நடக்குது."

"ஊரெல்லாம் ஏத்தினாங்க, சரி. உன் மூஞ்சியப் பாத்துக் கையெழுத்துப் போட்டது நான் ஒருத்தன்தானே?"

"ஆமாடா," என்றாள்.

"வட்டியைப் பத்தி நான் கேட்டு நீ பதில் சொன்னது இதுதான் முதல் தடவை," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

அவள் திரும்பக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. வாசலில் டிரைவர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியபோதும் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தாள்.