தட்டில் செத்தது வயிற்றில் சாகுமா?

"நாளைக்கு நான் ஆஸ்பத்திரிக்கு வரலை" என்று அத்தான் சொன்னதும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அக்காவின் கணவர் ஓட்டல் சமையல்காரர். பெருங்குடலில் புற்றுநோய். அறுவை சிகிச்சை முடிந்து மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள், பாதிதான் ஆகியிருந்தது.

அவர் வீட்டு அடுப்பு மேடையில் மஞ்சளும் துளசியும் இடித்துப் பிடித்த உருண்டைகள் காய்ந்துகொண்டிருந்தன.

"இனிமே இதான் மருந்து" என்றார்.

"யார் சொன்ன வைத்தியம்?"

"நீதாம்மா, விஞ்ஞானி! 'மஞ்சள் சாறு விட்டோம், புற்றுநோய் செல்லெல்லாம் செத்துப்போச்சு'ன்னு சாப்பிடறப்போ குதிச்சியே!"

அவள் முகம் தொங்கிப்போனது. ஆராய்ச்சிக்கூடத்தில் செல் வளர்ப்பதுதான் அவள் வேலை. சொன்னது உண்மை, ஆனால் பாதி.

"அது கண்ணாடித் தட்டுல செத்துச்சு அத்தான்."

"தட்டுல சாகறது வயித்துல சாகாதா?"

"அந்தத் தட்டுல சோப்புத் தண்ணி ஊத்தினாலும் சாகும். உப்பை அள்ளிப் போட்டாலும் சாகும். அதைச் சாகாமப் பார்த்துக்கறதுதான் எங்களுக்குப் பெரும்பாடு!"

"அட!" நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "சரி, நான் முழுங்கினா?"

"முக்கால்வாசியை உடம்பே வெளிய தள்ளிடும். தட்டுல விட்ட அளவு ரத்தத்துக்குப் போய்ச் சேராது. இதைச் சாப்பிட்டு யாருக்கும் புற்றுநோய் குணமாச்சுங்கறதுக்கு ஆதாரமே இல்ல. உருண்டை உருண்டையா முழுங்கினா, ஏத்தற மருந்தோட மல்லுக்கு நின்னாலும் நிக்கும்."

"குழம்புல?"

"குழம்புல தாராளமா போடுங்க."

அவர் ஓர் உருண்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு குரல் இறங்கியது. "நாக்கு செத்துப்போச்சும்மா. எல்லாம் தகரம் மாதிரி இருக்கு. நேத்து ஓட்டல் குழம்புல ரெண்டு தடவை உப்பு போட்டுட்டேன். மருந்தை நிறுத்தினாத்தான் நாக்கு வரும். நாக்கில்லாத சமையல்காரனை எவன் வச்சிருப்பான்?"

விஷயம் இதுதானா! இவ்வளவு நேரமும் மஞ்சளோடு மாரடித்துக்கொண்டிருந்தோமே என்று இருந்தது அவளுக்கு.

"மருந்து முடிஞ்சா நிறைய பேருக்கு ருசி திரும்பிடும். உங்களுக்கு எப்படின்னு நாளைக்கு டாக்டரையே கேட்போம்."

அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த ரசத்தில் ஒரு துளியை உள்ளங்கையில் விட்டு நக்கினாள்.

"உப்பு தூக்கல்."

"சும்மா சொல்லாத!"

"சத்தியமா."

தண்ணீர் ஊற்றினார். புதினாவைக் கிள்ளிப் போட்டார். இறக்கி வைத்து எலுமிச்சை பிழிந்தார். தானும் ஒரு கரண்டி குடித்தார். புருவம் மெல்ல ஏறியது.

"ஏதோ... லேசாத் தெரியுதும்மா."

"இலையால ஆகற உபகாரம் அதுதான். நாலு வாய் கூட உள்ள போகும்."

"அப்போ புதினா கட்சி ஜெயிச்சிருச்சு. மஞ்சள் உருண்டைக்கு டெபாசிட் காலி!" உருண்டைகளை அள்ளிக் குப்பைக் கூடையில் போட்டார். "நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

"எட்டுக்கு."

"வரேன். ஆனா ஒண்ணு. என் நாக்கு திரும்பற வரைக்கும் தினம் சாயங்காலம் நீ ஓட்டலுக்கு வந்து உப்புப் பார்த்துச் சொல்லணும்."

"எனக்குச் சம்பளம்?"

"சாப்பாடு போடறேன். இந்தத் தடவை ரிசல்ட்டை மட்டும் முழுசாச் சொல்லு!"