ஏழாம் கூண்டு

தேனீயின் குடலை எடுப்பதில் தன்னை மிஞ்ச அடையாற்றிலேயே ஆளில்லை என்று ஆய்வு மாணவி ஜுவேரியா தானே சொல்லிக்கொள்வாள். பின்னே, வேறு யார் சொல்வார்கள்? இடுக்கியால் கொடுக்கைப் பிடித்து மெல்ல இழுத்தால் முழுக் குடலும் அறுபடாமல் வந்துவிடும். மந்தைவெளி வீட்டில் அம்மா ஷாகிராதான், "நாலு வருசமா ஈ வயித்துல இன்னாதான் தேடிக்கினு இருக்கே?" என்று மானத்தை வாங்குவாள்.

தேடியது இதைத்தான். தேனீயின் குடலில் நல்ல நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அதே குடலைக் கெடுக்க ஓர் ஒட்டுண்ணியும் வரும். முன்னது பின்னதிடமிருந்து தேனீயைக் காப்பாற்றுமா? நுண்ணுயிர் உள்ள தேனீக்கள் ஆறு கூண்டு, இல்லாமல் வளர்த்தவை ஆறு கூண்டு, கூண்டுக்கு இருபது. எல்லாவற்றுக்கும் ஒட்டுண்ணியைக் கொடுத்தாள். முதல் ஆறு கூண்டும் பிழைத்தன. மற்றவை மடிந்தன, ஏழாம் கூண்டைத் தவிர. அது மட்டும் ஜம்மென்று ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது.

வழிகாட்டிப் பேராசிரியர் அனந்தராமன் உச்சுக்கொட்டினார். "ஏழாவதைத் தூக்கிடும்மா. எங்கேயோ கெட்டுப்போயிருக்கு. ரெண்டு மாசத்துல கமிட்டி வரது. மத்த பதினொண்ணும் அழகா நிக்கறதே."

"ஏன் பிழைச்சுதுன்னு தெரியாம எப்படி சார் தூக்குறது?"

"தெரிஞ்சுண்டு என்ன பண்ணப்போறே? பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போகும்."

தள்ளிப்போகும் என்பது அவளுக்கும் தெரியும். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் பிடிவாதக்காரி. ஏழாம் கூண்டின் தேனீக்களை அறுத்துப் பார்த்தாள். இருக்கவே கூடாத நுண்ணுயிர்கள் ஒவ்வொரு குடலிலும் மண்டிக்கிடந்தன.

நோட்டைப் புரட்டினாள். ஏழாம் கூண்டுக்கு நேரே பத்தொன்பது என்று எழுதி, அடித்து, இருபது ஆக்கியிருந்தது. பார்த்ததும் கூண்டு நிரப்பிய நாள் நினைவுக்கு வந்தது.

அன்று ரமலான் நோன்பு. நுண்ணுயிர் இல்லாத தேனீ வேண்டுமென்றால், அது வளர்ந்த அடையறையின் மெழுகு மூடியைக் கடித்து வெளியே வருமுன் கையால் எடுத்துவிட வேண்டும். தானாக வந்து பழைய அடையில் நடந்தால் நுண்ணுயிர் ஒட்டிக்கொள்ளும். நோன்பு திறக்கும் நேரமானதும் அவள் தாழ்வாரத்துக்குப் போய் ஒரு பேரீச்சம்பழமும் ஒரு தம்ளர் தண்ணீரும் முடித்துப் பத்து நிமிடத்தில் திரும்பினாள். அதற்குள் தேனீ ஒருத்தி தானாக வெளியே வந்து அடைமேல் ஊர்ந்துகொண்டிருந்தாள். ஒன்றுதான் குறைகிறது, போகட்டும் என்று அவளையே பிடித்து ஏழாம் கூண்டுக்குள் விட்டாள் ஜுவேரியா. அவள் எப்படி வந்தவள் என்று நோட்டில் எழுதவில்லை. தப்பிலும் பெரிய தப்பு அதுதான்.

வெட்கம் அடங்க ஒரு நாள் ஆயிற்று. அடங்கியபின் வேறொன்று தோன்றியது. அப்படியானால் அந்த ஒருத்தியா தன் நுண்ணுயிரைப் பரப்பி மற்ற பத்தொன்பதையும் காப்பாற்றினாள்?

ஊகத்தை வைத்துக்கொண்டு கமிட்டி முன் நிற்க முடியாது. மறுபடியும் பன்னிரண்டு கூண்டு வைத்தாள். எல்லாம் நுண்ணுயிர் இல்லாதவை. ஆறில் மட்டும், இம்முறை வேண்டுமென்றே, அடையில் நடந்த ஒன்றைச் சேர்த்தாள். பன்னிரண்டுக்கும் ஒட்டுண்ணியைக் கொடுத்தாள். ஊகம் தப்பினால் இரண்டு மாதமும் போச்சு, பட்டமும் போச்சு. சோறு தண்ணி மறந்து காத்திருந்தாள். அந்த ஆறு கூண்டும் பிழைத்தன, மற்ற ஆறும் மடிந்தன. ஆய்வுக்கூடத்தில் தனியாக நின்று கைதட்டிக்கொண்டாள்.

கமிட்டியில் எதையும் மறைக்காமல் சொன்னாள். வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ராகவேந்திரன் கண்ணாடியைக் கழற்றினார்.

"முதல்ல நடந்த பிழை யாரோடது?"

"என்னோடது சார். எழுதாம விட்டதும் நான்தான்."

"அந்தக் கூண்டை எடுத்துட்டிருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது சார்."

கடைசி நாற்காலியிலிருந்து அனந்தராமன் எழுந்தார். குரலில் பெருமை பொங்கியது.

"தூக்கிப் போடுன்னு சொன்னவன் நான். முப்பது வருஷமா பாடம் எடுக்கறவன். மாட்டேன்னுட்டா இவ. அதையும் எழுதிக்கோங்கோ."