யாரோ ஒருவருடைய ஸ்லைடு

எங்கள் ஆய்வகத்தில் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. சொந்தக்காரர்களின் சதைத் துண்டை நாமே பார்த்து ரிப்போர்ட் கொடுக்கக் கூடாது. பாசம் கண்ணை மறைக்கும் என்று புதிதாகச் சேரும் டாக்டர்களுக்கெல்லாம் அதை ஓதிக்கொண்டிருந்தவளே நான்தான். என் வீட்டுக்காரருக்குக் கட்டி வந்த பிறகுதான் அது எவ்வளவு கொடுமையான சட்டம் என்று உறைத்தது.

அவர் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எப்போது கிளம்பும் என்று நாளெல்லாம் மைக்கில் சொல்கிற வேலை. வீட்டிலும் வாய் ஓயாது. "சமையலறையிலிருந்து புறப்பட வேண்டிய காபி, தவிர்க்க முடியாத காரணங்களால் தாமதமாக வரும்" என்று கூடத்திலிருந்து அறிவிப்பார். நான் எரிந்து விழுவேன். அவர் சிரிப்பார்.

முதலில் வலது மூக்கு அடைத்தது. பிறகு அடிக்கடி ரத்தம் வந்தது. கண்ணுக்குக் கீழே கன்னம் மெல்ல மேடிட்டபோது ஸ்கேன் எடுத்தோம். கன்ன எலும்புக்குள் காற்று மட்டுமே இருக்க வேண்டிய சைனஸ் அறை முழுக்க ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. மூக்குப் பக்கத்துச் சுவர் அரித்துப்போயிருந்தது. எலும்பை அரிக்கிற கட்டி என்றால் எங்கள் தொழிலில் முதலில் எது ஞாபகம் வரும் என்று சொல்லத் தேவையில்லை.

மூக்கு வழியாக இரண்டு முறை துண்டு எடுத்தார் அறுவை மருத்துவர். இரண்டையும் பார்த்தவன் என்னோடு வேலை செய்கிற இளைய டாக்டர். எதையும் அவசரப்பட்டுச் சொல்லமாட்டான் என்பதால் ஆய்வகத்தில் அவனுக்கு நிதானம் என்று பெயர். இரண்டு முறையும் அவன் ஒரே மாதிரிதான் எழுதினான். உறைந்த ரத்தமும் செத்த திசுவும் தெரிகின்றன, ஆனாலும் புற்றுநோய் இல்லை என்று உறுதியாகச் சொல்ல இயலாது.

அந்தக் கடைசி வரியை வைத்துத்தான் அறுவை மருத்துவர் முடிவெடுத்தார். வலது மேல்தாடையை எடுத்துவிடுவது, வாயின் கூரையான அண்ணமும் சேர்ந்து போகும், அந்த இடத்தில் பிளாஸ்டிக் தகடு வைக்கலாம்.

"பேச முடியுமா டாக்டர்?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"பேசலாம். கொஞ்சம் மூக்கால வரும். பழகணும்."

அன்றிலிருந்து அவர் வீட்டில் எதையும் அறிவிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு நாக்கால் மேலண்ணத்தைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். வெளியிலிருந்து பார்த்தாலே கன்னத்துக்குள் நாக்கு நகர்வது தெரியும்.

"நாக்கைச் சும்மா வச்சிருங்களேன்" என்றேன்.

"இருக்கிறவரைக்கும் பாத்துக்கிறேன். உனக்குக் கோபம் மூக்கு மேல இருக்கு. எனக்குக் கட்டி மூக்குக்குள்ள இருக்கு. ரெண்டு பேர்ல யார் பாவம் சொல்லு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபமாக எழுந்து போய்விட்டேன்.

சட்டத்தை மீறி, அந்தத் துண்டுகளைச் சீவி ஒட்டிய கண்ணாடி ஸ்லைடுகளை நானும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். ரத்தம், ரத்தம், ரத்தம். புற்றுநோய்ச் செல் ஒன்றுகூட இல்லை. ஆனால் என் கண்ணை நானே நம்பவில்லை. அவருடைய அண்ணத்தைக் காப்பாற்ற அது என்ன பொய் வேண்டுமானாலும் சொல்லும்.

மறுநாள் காலை நிதானத்தின் மேஜைக்கு எதிரே போய் நின்றேன்.

"இது என் வீட்டுக்காரர் ஸ்லைடுன்னு மறந்துடு. யாரோ ஒருத்தர், ஊர் பேர் தெரியாதவர். அப்ப என்ன எழுதியிருப்பே?"

"அக்கா, அது..."

"எனக்காக எதையும் மாத்தாதே. மாத்தினா உன்னைச் சும்மா விடமாட்டேன். கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"ரத்தக்கட்டியா இருக்கலாம், உள்ள இருந்து பெரிய துண்டு அனுப்புங்கன்னு எழுதியிருப்பேன்" என்றான் தலைநிமிராமல். "உங்க வீட்டுக்காரராச்சே. ஒருவேளை தப்பாப் போயிட்டா அப்புறம் உங்க முகத்துல எப்படி முழிப்பேன்? அதான் அப்படி ஒரு வரி போட்டு வச்சேன்."

"உன் பயத்துக்கு அவர் தாடையைக் குடுக்கணுமாடா?"

சொன்ன உடனே எனக்கு மனசு கேட்கவில்லை. பிரியத்தில் செய்த காரியம்தான் அது. முன்பின் தெரியாத நோயாளிக்குக் கிடைத்திருக்கும் நேரான வார்த்தை, என் வீட்டுக்காரர் என்பதால் அவருக்குக் கிடைக்காமல் போயிருந்தது.

இரண்டு பேரும் அறுவை மருத்துவரிடம் போனோம். நிதானம்தான் பேசினான். பழைய ரத்தக்கசிவு வெளியேற வழியில்லாமல் தங்கி, நார்த்திசுவும் புது ரத்தக்குழாய்களும் சேர்ந்து கட்டியாக வளர்வது உண்டு, அபூர்வம், அழுத்தி அழுத்தி எலும்பையும் தேய்த்துவிடும் என்றான்.

மருத்துவர் ஸ்கேனை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு அவன் பக்கம் திரும்பினார். "சரி, முதல்ல மூக்கு வழியாவே குழாய் விட்டுச் சுத்தமா எடுத்துப் பாக்கிறேன். ஆபரேஷன் நடக்கும்போதே உனக்கு அனுப்புவேன். கேன்சர்னா அதே மேஜையில தாடைய எடுத்துடுவேன். அப்ப சொல்ல இயலாது கியலாதுன்னு வழுக்கக் கூடாது."

ஆக, எந்த வாயோடு கண் விழிப்போம் என்று தெரியாமலேயே என் வீட்டுக்காரர் இரண்டு சம்மதத்துக்கும் கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷன் அன்று துண்டு வந்தபோது நானும் ஆய்வகத்துக்குள் நுழையப் பார்த்தேன். நிதானம் கதவை மறித்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, நீங்க வெளிய இருங்க."

என்னிடம் அவன் அப்படிப் பேசியதே இல்லை. நான் நடைபாதையில் நின்றேன். கதவுக் கண்ணாடி வழியாக அவன் முதுகு மட்டும் தெரிந்தது. துண்டை உறையவைத்து, சீவி, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் குனிந்தான். குனிந்தவன் நிமிரவே இல்லை. பிறகு போனை எடுத்து, "எலும்பு ஓரத்துல இருந்து இன்னொரு துண்டு அனுப்புங்க" என்றான். எதையோ பார்த்துவிட்டான் என்று நினைத்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டாவது துண்டையும் பார்த்துவிட்டு மறுபடி போனை எடுத்தான்.

"ரத்தக்கட்டிதான் சார். சுத்தி நார்த்திசு. ரெண்டு துண்டுலயும் கேன்சர் செல் இல்ல. தாடையத் தொட வேண்டாம்."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள்.

"ஆமா சார். உறுதியாத்தான் சொல்றேன்."

போனை வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். நான் உள்ளே போய் அவன் தலையில் கை வைத்தேன். திட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. பிற்பாடு வந்த முழு ரிப்போர்ட்டும் அதையேதான் சொன்னது.

சாயங்காலம் அவருக்கு மயக்கம் தெளியும்போது நான் பக்கத்தில் இருந்தேன். மூக்கில் பஞ்சு, உதட்டோரம் காய்ந்த ரத்தம். கண் இன்னும் திறக்கவில்லை, வாய் மட்டும் பாதி திறந்திருந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவருடைய வலது கன்னத்துக்குள் நாக்கு மெதுவாக நகர்வதைப் பார்த்தேன். பல் வரிசையைத் தொட்டு, உள்ளே போய், அண்ணத்தைக் கடைசிவரை தடவிவிட்டு நின்றது.

"இருக்குடி" என்றார்.